பெற்றவர் எழுதாமல் விட்டதற்குப் பிள்ளைக்கா தண்டனை?



இது கொஞ்சம் நீண்ட பதிவு. வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் வாசிக்க வேண்டாம். இரவு சாப்பாடு முடிந்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள். கனடாவில் இருக்கிறவர்களும், கனடாவுக்கு வர விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறவர்களும் கட்டாயம் வாசியுங்கள்.

கனடாவின் குடிவரவு விதிகளில் ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். லோயர்மார் அதை அதன் இலக்கத்தைச் சொல்லியே கதைப்பார்கள்: 117ஆம் விதி, 9ஆம் உட்பிரிவு, 'டி' பந்தி. ஒருவர் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தபோது தன் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ விண்ணப்பத்தில் குறிப்பிடாமல் விட்டிருந்தால், பிறகு அந்த ஆளைக் குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்ய முடியாது. ஒரு வருடத்துக்கோ ஐந்து வருடத்துக்கோ அல்ல. எக்காலத்துக்கும் முடியாது. இந்த விதி எடுக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், வகுப்பில் போல கையை உயர்த்தத் தேவையில்லை.

முதலில் விதியை வடிவாக விளங்கிக்கொள்வோம். 2002 ஜூனில் புதிய குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அதோடு வந்த ஒழுங்குவிதிகளில் இது இருக்கிறது. விண்ணப்பிக்கிற ஒருவர் தன்னோடு வருகிற குடும்பத்தவரை மட்டுமல்ல, வராதவர்களையும் எழுத வேண்டும். அவர்களும் மருத்துவப் பரிசோதனைக்கும் பின்னணிச் சோதனைக்கும் உட்பட வேண்டும். அப்படிச் சோதிக்கப்படாதவர் பின்னர் 'குடும்பத்தவர்' என்று கணக்கெடுக்கப்பட மாட்டார். ஏன் எழுதவில்லை என்ற கேள்விக்கு அந்த விதியில் இடமே இல்லை. வேண்டுமென்று மறைத்தவருக்கும், தெரியாமல் விட்டவருக்கும், பயத்தில் விட்டவருக்கும் ஒரே முடிவு.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் அறியார்கள். விசா கைக்கு வந்த பிறகு, விமானம் ஏறுவதற்கு முன் நடக்கிற மாற்றமும் இதற்குள் வரும். எங்கள் ஊரில் என்ன நடக்கும்? விசா வந்தவுடன்தான் கலியாணப் பேச்சு சூடு பிடிக்கும். "போக முதல் எழுத்தை முடிச்சுவிடுவம்" என்று பதிவுத் திருமணம் செய்துவிட்டு, தனி ஆளாக வந்து இறங்குவார்கள். விமான நிலையத்தில் அதிகாரி "குடும்ப நிலையில் ஏதும் மாற்றம் உண்டா?" என்று கேட்பார். அரைகுறை ஆங்கிலத்திலும் பயண அலுப்பிலும் "இல்லை" என்று தலையாட்டி, கையெழுத்தும் வைத்துவிடுவார்கள். அந்த ஒரு தலையாட்டலோடு, ஊரில் தாலியோடு நிற்கிற பெண் குடும்ப வகுப்புக்கு வெளியே போய்விடுகிறாள்.

எழுதாமல் விட்டவர்கள் எல்லாரும் கள்ளர் என்று நினைக்கிறவர்களுக்கு, என் காதுக்கு வந்த காரணங்களைச் சொல்கிறேன். "கூட்டிக்கொண்டு போறவையின்ரை பேரை மட்டும் எழுதினால் காணும்" என்று போம் நிரப்பிக் கொடுத்தவர் சொன்னது ஒன்று. முதல் தாரத்துப் பிள்ளை இருப்பது தெரிந்தால் சம்பந்தம் குழம்பும் என்று பெரியவர்கள் வாயை அடைத்தது இன்னொன்று. இயக்கத்தில் இருந்த கணவனின் பெயரை எழுதினால் தனக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து என்று நடுங்கியவர்கள் உண்டு. 2009க்குப் பிறகு, செத்துவிட்டார் என்று எல்லோரும் சொன்ன ஆளை எந்தப் பெட்டியில் எழுதுவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டவர்களும் உண்டு. இவர்களில் யாரும் கனடாவை ஏமாற்றி ஒரு சதம் உழைக்கவில்லை. தங்கள் சொந்தப் பிள்ளையைத்தான் இழந்தார்கள்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் கதையைச் சொல்லலாம் என்று அவளே அனுமதி தந்தாள். பெயரும் ஊரும் வேண்டாம். முதல் கணவன் போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனார். கையில் மூன்று வயது மகள். சில வருடங்களின் பின் கனடாவில் இருந்த ஒருவர் மறுமணம் செய்து ஸ்பொன்சர் செய்தார். அவர் நல்ல மனிதர், பிள்ளை இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஊரில் போம் நிரப்பியவர், "பிள்ளையைக் காட்டினால் இழுபடும். நீங்கள் முதல் போங்கோ, பிறகு கூப்பிடலாம்" என்று சொல்லியிருக்கிறார். அவர் என்ன அதிகாரத்தில் சொன்னார் என்று கேட்கிற நிலையில் இவள் இருக்கவில்லை. மகளை அம்மம்மாவோடு விட்டுவிட்டு வந்தாள்.

2015இல் மகளை ஸ்பொன்சர் செய்தாள். ஒரு பக்கக் கடிதம் வந்தது. அதில் அந்த விதியின் இலக்கம் இருந்தது. "ரீச்சர், என்ரை பிள்ளை என்ரை குடும்பம் இல்லையாம்" என்று தொலைபேசியில் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இன்று அந்தப் பிள்ளைக்கு இருபது வயதை எட்டுகிறது. அம்மம்மாவும் இப்போது இல்லை.

சரி, அரசாங்கத்தின் பக்கத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் நான் உங்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லித் தந்ததற்கு அர்த்தமில்லை. ஒருவரை நாட்டுக்குள் எடுப்பதா என்று முடிவு செய்கிற அதிகாரிக்கு முழு விவரமும் தெரிய வேண்டும். அவரைத் தொடர்ந்து எத்தனை பேர் வரலாம், அவர்களின் உடல்நிலை என்ன, பின்னணி என்ன என்று அப்போதே கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் ஆட்கள் வசதிக்கு ஏற்ப மறைத்துவிட்டு, உள்ளே வந்த பிறகு ஒவ்வொருவராகக் காட்டுவார்கள். இந்த வாதத்தைச் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் ஏற்றது. பிலிப்பைன்சில் இருந்து வந்து, அங்கே விட்டுவந்த இரண்டு மகன்மாரைக் குறிப்பிடாமல் இருந்த ஒரு தாயின் வழக்கு அது. விதி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. மனிதாபிமான அடிப்படையில் விண்ணப்பிக்கிற வழி ஒன்று சட்டத்தில் இருக்கிறதே என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பொய்க்கு இந்தச் சட்டத்தில் ஏற்கெனவே தண்டனை இருக்கிறது. 40ஆம் பிரிவு பிழையான தகவல் கொடுத்தவரைப் பற்றியது. அதன்படி ஒருவர் வதிவிட உரிமையையே இழக்கலாம், ஐந்து வருடம் நாட்டுக்குள் வரத் தடை விழலாம். அங்கே விசாரணை உண்டு, பதில் சொல்ல வாய்ப்பு உண்டு. தண்டனை சொன்னவருக்குத்தான், அதற்கு ஒரு முடிவுத் திகதியும் உண்டு. 117ஆம் விதியிலோ தண்டனை போம் நிரப்பியவருக்கு நேராக விழுவதில்லை, அந்தப் போமைக் கண்ணால் காணாத பிள்ளைக்கு விழுகிறது. முடிவுத் திகதியும் இல்லை.

நான் முப்பத்துநாலு வருடம் வகுப்பு இடாப்பு எழுதியவள். இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளின் அனுமதிப் படிவங்களில் எத்தனையோ பிழைகள் இருக்கும். பிறந்த திகதி மாறியிருக்கும், தகப்பன் பெயர் இருக்காது, சில பிள்ளைகளுக்குப் படிவமே இருக்காது. தகப்பனைக் கூப்பிட்டு ஏசியதும் உண்டு. ஆனால் "உன் தகப்பன் சரியாக எழுதவில்லை, ஆகவே நீ இந்த வகுப்பில் இல்லை" என்று சொல்லி ஒரு பிள்ளையையும் வெளியே நிறுத்தவில்லை. பிழையைத் திருத்தி, பெயரை இடாப்பின் கடைசியில் சேர்த்து எழுதினோம். எந்தப் பாடசாலையும் அதனால் குட்டிச்சுவராகப் போகவில்லை.

மருத்துவச் சோதனை அன்று நடக்கவில்லை என்பதுதான் குறை என்றால், அதை இன்று செய்யலாமே. ஸ்பொன்சர் செய்யப்படுகிற எவரும் மருத்துவச் சோதனையும் பின்னணிச் சோதனையும் முடிக்காமல் வர முடியாது. பிறப்புச் சான்றிதழில் சந்தேகம் இருந்தால் டிஎன்ஏ சோதனை கேட்கிறார்கள். ஆகவே பொதுமக்களின் பாதுகாப்புக்கு இந்த விதி தருவது எதுவும் இல்லை. வேறு வழியால் செய்ய முடியாத எந்த வேலையையும் இது செய்வதாக எனக்குத் தெரியவில்லை.

மனிதாபிமான விண்ணப்பம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது 25ஆம் பிரிவு. அது உரிமை அல்ல, கருணை. கருணை அதிகாரிக்கு அதிகாரி மாறும். 2015இல் கனடிய உச்ச நீதிமன்றம் இலங்கையில் இருந்து வந்த ஒரு தமிழ் இளைஞனின் வழக்கில், கஷ்டங்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகத் தள்ளிவிடக் கூடாது, ஆளின் முழு நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. நல்ல தீர்ப்புத்தான். ஆனாலும் ஒரு தாய் தன் சொந்த மகளைச் சேர்ந்துகொள்ள லோயரைப் பிடித்து, காசு கட்டி, தன் துயரத்தை நூறு பக்கத்தில் எழுதி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. பெற்ற பிள்ளையோடு இருக்க ஒரு தாய் காரணம் காட்ட வேண்டுமா?

இதே சட்டத்தின் 3ஆம் பிரிவு, குடும்பங்கள் கனடாவில் ஒன்றுசேர்வதைச் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்கிறது. கனடா 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 10ஆம் உறுப்புரை, குடும்பம் ஒன்றுசேரக் கேட்கும் விண்ணப்பங்களை மனிதாபிமானத்தோடும் விரைவாகவும் கையாள வேண்டும் என்கிறது. முன்வாசலில் இதை எழுதி வைத்துவிட்டு, பின்வாசலைப் பூட்டி வைத்திருப்பதுதான் எனக்குப் பொருந்தவில்லை.

இனி நல்ல செய்திக்கு வருகிறேன். கனடிய அகதிகள் பேரவை போன்ற அமைப்புகள் பல வருடங்களாக இந்த விதிக்கு எதிராகக் குரல் கொடுத்தன. 2019 மேயில் அப்போதைய குடிவரவு அமைச்சர் அகமட் ஹுசைன் ஒரு பரீட்சார்த்தத் திட்டத்தை அறிவித்தார். அது 2019 செப்ரெம்பரில் தொடங்கியது. முதலில் இரண்டு வருடத்துக்கு, பிறகு 2023 வரை, பிறகு 2026 செப்ரெம்பர் வரை என்று நீட்டப்பட்டது. இதன்படி, அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு வந்தவர்களும், கணவன், மனைவி, துணை அல்லது தங்கிவாழும் பிள்ளை என்று ஸ்பொன்சர் செய்யப்பட்டு வந்தவர்களும், அன்று எழுதாமல் விட்ட கணவன் மனைவியையோ பிள்ளையையோ இப்போது ஸ்பொன்சர் செய்யலாம்.

ஒரு நிபந்தனை உண்டு. அன்று உண்மையை எழுதியிருந்தாலும் அவர் அதே வகுப்பில் வரத் தகுதி உள்ளவராக இருந்திருக்க வேண்டும். அதாவது, திருமணம் செய்ததை மறைத்துத் தகப்பனின் தங்கிவாழும் பிள்ளையாக வந்தவர், உண்மையை எழுதியிருந்தால் வந்திருக்கவே முடியாது என்றால், அவருக்கு இது உதவாது. திறமை அடிப்படையில் பொருளாதார வகுப்பில் வந்தவர்களுக்கும் இது இல்லை.

என் மாணவி இந்தத் திட்டத்துக்குள் வருகிறாள். மனைவியாக ஸ்பொன்சர் செய்யப்பட்டு வந்தவள், மகளை எழுதியிருந்தாலும் அவளுக்கு விசா கிடைத்திருக்கும். ஆனால் 2019இல் தொடங்கிய திட்டம் அவள் காதுக்கு வந்தது போன வருடம்தான். ஒருமுறை கதவு அடித்துச் சாத்தப்பட்டவர்கள் மறுபடி போய்த் தட்டிப் பார்ப்பதில்லை. இப்போது விண்ணப்பம் போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. இருபத்திரண்டு வயதுக்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததே பெரிய காரியம். ஏனென்றால் தங்கிவாழும் பிள்ளை என்றால் பொதுவாக 22 வயதுக்குக் குறைந்தவராகவும் திருமணம் ஆகாதவராகவும் இருக்க வேண்டும். 2014 ஓகஸ்ட் தொடக்கம் 2017 ஒக்ரோபர் வரை அந்த எல்லை 19 ஆக இருந்தது. அந்தக் காலத்தில் "வயது போய்விட்டது" என்று கேள்விப்பட்டுக் கைவிட்டவர்கள் இன்னும் அந்தப் பழைய கணக்கிலேயே இருக்கக்கூடும்.

இவ்வளவு வருடம் திட்டம் நடந்திருக்கிறது. கனடா மூழ்கிவிடவில்லை. பிறகு ஏன் இதை இரண்டு வருடம், மூன்று வருடம் என்று தவணை தவணையாக நீட்ட வேண்டும்? ஒரு தாய் தன் பிள்ளையைக் கூப்பிடலாமா என்பது ஒரு திகதிக்கு முன் 'ஆம்', அடுத்த நாள் 'இல்லை' என்று இருப்பது நீதியா? ஒழுங்குவிதியையே திருத்த வேண்டும். எந்த வகுப்பில் வந்தவருக்கும் அது பொருந்த வேண்டும். பொய் சொல்லி இலாபம் அடைந்தவர் இருந்தால் 40ஆம் பிரிவு இருக்கிறது, அவரோடு கணக்கைத் தீர்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் ஆட்களிடமும் ஒரு வார்த்தை. "நாங்கள் எல்லாத்தையும் ஒழுங்காக எழுதி, வருடக்கணக்கில் காத்திருந்து வந்தனாங்கள். எழுதாத ஆக்களுக்கு என்ன இரக்கம்?" என்று ஒரு கலியாண வீட்டில் ஒருவர் என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் அந்தப் பிள்ளை வருவதால் உங்கள் பிள்ளையின் இடம் போகப் போவதில்லை. நீங்கள் காத்திருந்தது மூன்று வருடம் என்றால் அந்தத் தாய் காத்திருந்தது பதின்மூன்று வருடம். அவள் வரிசையை வெட்டிக்கொண்டு போகவில்லை. அவளுக்கு நிற்க வரிசையே இருக்கவில்லை.

அதோடு, பெயரை எழுதாமல் விடுகிற பழக்கத்தை வளர்த்ததில் எங்கள் சமூகத்துக்கும் பங்கு உண்டு. மறுமணம் செய்கிற பெண்ணிடம் "பிள்ளை இருக்கிறதைப் பெரிசாய்க் காட்டாதே" என்று சொல்கிறது யார்? மணம் முடிக்காமல் பிறந்த பிள்ளையை அக்காவின் பிள்ளை என்று பதியச் சொல்கிறது யார்? கனடிய விதி கொடுமையானது என்று நான் சொல்கிறபோது, எங்கள் வீட்டுக்குள் அந்தப் பெயரை முதலில் அழித்த கையையும் பார்க்கத்தான் வேண்டும்.

கடைசியாகச் சில காரியங்கள். பரீட்சைக்கு முதல் நாள் சொல்கிற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் நிரப்புகிறவர்களே, எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதுங்கள். உங்களோடு வராத பிள்ளை, முதல் தாரத்துப் பிள்ளை, மற்றப் பெற்றோரிடம் வளர்கிற பிள்ளை, தத்தெடுத்த பிள்ளை, எல்லாரையும் எழுதுங்கள். எழுதுவதால் அவர் உடனே வர வேண்டும் என்றில்லை. எழுதினால்தான் பிறகு வரலாம். சோதனைக்கு அனுப்ப முடியாத நிலை இருந்தால், பெயரை விடாமல், காரணத்தை எழுத்தில் கொடுங்கள். விசா வந்த பிறகு திருமணமோ பிள்ளைப்பேறோ நடந்தால் விமானம் ஏற முதல் அறிவியுங்கள். கொஞ்சம் தாமதமாகும். ஆயுள் முழுக்கப் பிரிந்திருப்பதோடு பார்த்தால் அது தாமதமே இல்லை.

அகதியாக ஏற்கப்பட்டவர்களே, நிரந்தர வதிவிட விண்ணப்பத்திலேயே ஊரில் இருக்கிற மனைவி, கணவன், பிள்ளைகளைச் சேர்க்கலாம். அதைத் தவற விடாதீர்கள்.

முன்பு எழுதாமல் விட்டவர்களே, ஊரில் வட்ஸ்அப்பில் வருகிற ஆலோசனையை நம்பாமல், அனுமதி பெற்ற ஒரு லோயரிடமோ குடிவரவு ஆலோசகரிடமோ பழைய விண்ணப்பத்தின் பிரதியோடு போங்கள். உங்கள் பழைய மௌனம் 40ஆம் பிரிவில் சிக்கல் தருமா என்பதையும் அவரிடமே வெளிப்படையாகக் கேளுங்கள். அந்தப் பயத்தில்தான் பலர் அசையாமல் இருக்கிறார்கள். பிள்ளையின் வயதோ உங்கள் பயத்துக்காகக் காத்திருக்காது. முடிவு வரும் வரை ஊரில் பிள்ளைக்குக் கலியாணம் பேச வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள்.

கனடாவில் வாக்கு உள்ளவர்களே, உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தேர்தல் காலத்தில் கோவில் திருவிழாவுக்கும் பொங்கல் விழாவுக்கும் வந்து வேட்டியோடு படம் எடுக்கிறவர்கள்தானே. "இந்தத் திட்டத்தை இன்னொரு தவணை நீட்டாமல், விதியையே திருத்துங்கள்" என்று நாலு வரி போதும். எழுத்துப்பிழை பற்றிக் கவலை வேண்டாம், நான் திருத்தித் தருகிறேன்.

இதை வாசிக்கிற யாருக்காவது இப்படி ஒரு பிள்ளை ஊரில் இருந்தால், கீழே பகிரங்கமாக எழுத வேண்டாம். எனக்குத் தனியாக எழுதுங்கள். யார் என்று ஒருவருக்கும் சொல்ல மாட்டேன், ஏன் விட்டாய் என்றும் கேட்க மாட்டேன். நல்ல லோயரிடம் போக வழி காட்டுவேன்.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்